கட்டுரைக்கு அடியில் போட்ட ஊர்

ஞாயிறு மலருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசும்படி கேட்டார்கள். "உங்கட சாதனைகளைச் சொல்லுங்கோ அக்கா" என்றார் அழைத்தவர். சாதனைகளைச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், எனக்கும் அலுப்பாக இருக்கும். ஆகவே நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். ஒரு கட்டுரைக்கு அடியில் நான் சேர்த்த ஒரேயொரு சொல்லால் ஒரு பெண் பிடிபட்டாள். கட்டுரையில் இருந்த எந்தச் சொல்லும் அவளுக்குக் கேடு செய்யவில்லை. நான் போட்ட சொல்தான் செய்தது.

நம் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். கவிதையோ, கட்டுரையோ, நாலு வரிக் கடிதமோ, எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய ஊர் இருக்கவேண்டும். முழு முகவரி இல்லாத ஆக்கங்கள் ஏற்கப்படமாட்டா என்று பக்கத்தின் மூலையில் நிரந்தரமாக ஒரு பெட்டி போட்டிருப்போம். எப்போதாவது ஊர் போட மறந்துபோனால் திங்கட்கிழமை தொலைபேசி அடிக்கும். "அந்தக் கவிதை எழுதின பிள்ளை எந்த இடம்?" என்று கேட்பார்கள். மட்டக்குளி என்று சொன்னதும், "ஓ, அப்பிடியோ" என்று அந்தக் கவிதையையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆள் யார், எவடம் என்று தெரியாவிட்டால் நம்மவர்களுக்குச் சாப்பாடு செமிக்காது. நானும் அந்தச் சனத்தில் ஒருத்திதான். எங்கள் பக்கத்தில் இந்தக் குணத்துக்கு விடுப்பு என்று பெயர். முப்பது வருடங்களுக்கு மேலாக அதற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் ஒரு கட்டுரை மின்னஞ்சலில் வந்தது. எழுதியவரை ஸரீனா என்று வைத்துக்கொள்வோம், அது அவருடைய பெயர் அல்ல. கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு பள்ளிவாசல் நடத்தும் சிறுவர் பாடசாலையில் ஆசிரியை. தகப்பனுக்கு ஒரே பிள்ளை. இரண்டு வருடங்கள் படுக்கையில் கிடந்த தகப்பனைக் கழுவித் துடைத்துப் பார்த்தவர் அவர்தான். தகப்பன் மௌத்தானதும் ஆண்கள் வந்து ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவது அங்கே வழக்கம் இல்லை. தகப்பனோடு வருடக்கணக்காகக் கோபமாக இருந்த ஒரு தூரத்து உறவுக்காரர் கபுறுக்கு மூன்று பிடி மண் போட்டார். மகள் ஒழுங்கையின் வாசலில் நின்றார். பிறகு ஒரு மௌலவியிடம் விசாரித்தபோது, இதில் மார்க்க அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேட்டபோது, "நம்மட ஏரியா வழக்கம் இல்ல" என்பதோடு முடித்துவிட்டார்கள்.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: என்னைத் தடுத்தது என் மார்க்கமா, எங்கள் தெருவின் வழக்கமா? திட்டு இல்லை, கேலி இல்லை. ஓரிடத்தில் மட்டும் கத்தி வைத்திருந்தார். "மகன் இல்லாத தகப்பனின் கபுறுக்கு உரிமையோடு மண் போட ஆள் இல்லையென்றால், அந்தக் குறை தகப்பனுடையதா, வழக்கத்தைக் கட்டிக் காப்பவர்களுடையதா?" இந்த வரியை நான் மூன்று தரம் வாசித்தேன்.

வழக்கம்போல உறுதிப்படுத்துவதற்காக அவருக்குப் போன் எடுத்தேன். குரல் சின்னதாக இருந்தது, ஆனால் தடுமாறவில்லை.

"பேர் மட்டும் போடவாணாம் மிஸ். மகள் எண்டு போடுங்க. போதும்."

"பயமாய் இருக்கோ?"

"வேல அங்கதானே மிஸ். பொலிசுக்கு முறைப்பாடு குடுக்கிற ஆக்களும் ஈக்கிறாங்க. நான் தனிய ஈக்கிற பொம்புள."

பெயர் வராது என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்ற இரண்டு நாட்கள் கட்டுரையில் வேலை செய்தேன். தகப்பனின் தொழில், பள்ளியின் பெயர், ஒழுங்கையின் பெயர் எல்லாவற்றையும் எடுத்தேன். படுக்கையில் கிடந்த இரண்டு வருடங்களை நீண்டகாலம் என்று மாற்றினேன். கொழும்பு என்றுகூட விடவில்லை. இப்போது இது காத்தான்குடியாகவும் இருக்கலாம், பேருவளையாகவும் இருக்கலாம் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கம் முடியும் நேரத்தில் வடிவமைப்பாளர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"அக்கா, மகளுக்கு ஊர் இல்லை."

நான் வேறொரு பக்கத்தின் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "கிராண்ட்பாஸ்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன், கையெழுத்தும் வைத்தேன். ஊர் கண்ணில் பட்டது, உறுத்தவில்லை. எல்லா ஆக்கங்களுக்கும் அடியில் ஊர் இருக்கும்போது ஒன்றுக்கு இருப்பதை யார் கவனிப்பார்கள். கிராண்ட்பாஸில் அண்மையில் தகப்பனைப் பறிகொடுத்த, சகோதரன் இல்லாத, பத்திரிகைக்கு எழுதத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

ஞாயிறு காலையிலேயே ஸரீனா போன் எடுத்தார்.

"மிஸ், நீங்க ஊரப் போட்டீக்கிறீங்க."

பத்திரிகையை எடுத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எழுதினது நான்தான் எண்டு நம்மட ஒழுங்கைல இப்பவே செல்றாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பயந்த ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அவளுடைய வீட்டுக்கு வழி காட்டியிருந்தேன், அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை இரண்டு விதமான கடிதங்கள் வந்தன. கோபக் கடிதங்கள் குறைவு. பாராட்டுக் கடிதங்கள்தான் அதிகம். முதலில் சந்தோஷப்பட்டேன், பிறகு பெயர்களைப் பார்த்தேன். பெரும்பாலும் என்னைப்போன்ற இந்து ஆட்கள், வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும். துணிவான கட்டுரை, இவர்களுக்கு இப்படி யாராவது சொல்லவேண்டும், இன்னும் எழுதச் சொல்லுங்கள் என்று உற்சாகமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் "அவர்களின் பழக்கவழக்கங்கள்" என்று தொடராகவே போடலாம் என்று யோசனை சொல்லி, முதல் பகுதியைத் தானே எழுதியும் அனுப்பியிருந்தார். ஸரீனா தன் வீட்டுக்குள் நின்று கேள்வி கேட்டார். இவர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்தக் கடிதங்களில் ஒன்றையும் நான் போடவில்லை. கருத்துச் சுதந்திரம் பற்றி எனக்கு நீண்ட பாடம் எடுத்து அந்தத் தொடர்காரர் மறுபடியும் எழுதினார். அவர் தன்னுடைய சமயத்தைப் பற்றி எழுதி அனுப்பட்டும், அன்றைக்குப் பார்க்கலாம் என்று பதில் போட்டேன்.

மத்தியானம் பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் வருத்தம் தெரிவிப்பதில் கை தேர்ந்தவர். மேசையில் நாலு வரி தயாராக இருந்தது. கடந்த வாரம் வெளியான கட்டுரை எவருடைய மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறோம் என்ற அதே பழைய நாலு வரி.

"இதைப் போட்டிட்டு விடுவம்," என்றார். "மனம் புண்பட்டது எண்டு ஒருத்தர் பொலிசிலை முறைப்பாடு குடுத்தால் அந்தப் பிள்ளையைத்தான் முதல்லை தூக்குவாங்கள். பிணை எடுக்கிறதே பெரிய பாடு. புதுக்கடைக் கோட்டுக்கு அலைய அவவுக்கு ஆர் இருக்கினம்?"

"இதைப் போட்டால் அவ எழுதினது பிழை எண்டு நாங்களே சாட்சி சொன்ன மாதிரி. பிழை விட்டது நான்."

"அப்ப உங்கட பிழைக்கு வருத்தம் போடுவம்."

அதுவும் முடியாது என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. ஊரைப் போட்டது தவறு என்று அறிவித்தால், அந்த ஊர் சரியான ஊர்தான் என்று நாங்களே முத்திரை குத்தியதாகிவிடும். அச்சில் திருத்த முடியாத பிழைகளும் இருக்கின்றன. அந்த நாலு வரியை அவர் கிழிக்கவும் இல்லை, அச்சுக்கு அனுப்பவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் மூன்று பேர் எங்கள் கொட்டாஞ்சேனை அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் கிராண்ட்பாஸில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் முக்கியமானவர். பின்னால் ஒருவர் கைபேசியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வந்தார். மூன்றாமவர் கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. வரவேற்பறையில் வைத்துப் பேசி அனுப்பிவிடும்படி ஆசிரியர் செய்தி அனுப்பினார். நான் என் மேசைக்கு அழைத்துக் கதிரை போட்டேன், தேநீர் சொன்னேன். மனம் புண்பட்டது என்று வருபவரை நான் ஒருபோதும் வாசலில் வைத்துத் திருப்பியதில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். எது, எப்படி, எந்த இடத்தில் புண்படுகிறது என்று அறியும் ஆவல்தான். அதனால் எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்.

"எந்த வரி?"

கைபேசிக்காரர் முந்திக்கொண்டார். "முழுக்கத்தான்."

"வாசிச்சீங்களோ?"

"வட்ஸ்அப்புல வந்திச்சி." திரையைக் காட்டினார். கட்டுரையின் படம். எழுத்துகள் தெரியாத அளவுக்குச் சின்னது. அடியில் கிராண்ட்பாஸ் என்ற சொல்லைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம்.

ஹாஜியாரிடம் பத்திரிகையே இருந்தது. நாலாக மடித்து சேர்ட் பைக்குள் வைத்திருந்தார். அதை எடுத்து மேசையில் வைத்தார், விரிக்கவில்லை.

"வரியச் செல்றதுக்கு முன்னுக்கு எனக்கு ஒரு கேள்வி ஈக்கி மிஸ். நீங்க ஹிந்துதானே?"

"ஓம்."

"உங்கட கோயிலப் பத்தி ஒருத்தர் இப்பிடி எழுதினா போடுவீங்களா?"

போடுவேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க அவரிடம் ஒரு வழியும் இல்லை. ஆனால் அப்படி ஒரு கட்டுரை என் முழங்காலுக்கு மேலே, மேசை லாச்சிக்குள் கிடந்தது. வெள்ளவத்தையில் நாங்கள் கும்பிடப் போகும் கோயிலைப் பற்றி ஓய்வு பெற்ற ஒரு வங்கி உத்தியோகத்தர் எழுதியது. திருவிழா அன்னதானத்தில் உபயகாரர் குடும்பங்களுக்கு மேல்மாடியில் கதிரையும் மேசையும், மற்றவர்களுக்குக் கீழே பாய், கோயில் வீதியைக் கூட்டும் பெண்களுக்குப் பின் கேற்றடியில் பார்சல். அந்தப் பெண்கள் ஏன் பந்தியில் இருப்பதில்லை என்று கேட்டிருந்தார். விடை எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைப் போட்டால் சமய உணர்வுகள் புண்படும் என்று முடிவெடுத்து நான் உள்ளே தள்ளியிருந்தேன்.

"ஒண்டு வந்தது," என்றேன். "எட்டு மாதமாய் இந்த லாச்சிக்குள்ளை கிடக்குது."

கைபேசிக்காரர் சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"ஏன் போடல்ல?"

"என்ரை மனுசன் அந்தக் கோயில் சபையிலை இருக்கிறார். எனக்குப் பயம்."

"அப்ப எங்கட பள்ளியப் பத்திப் போட பயம் இல்ல."

"இல்லை. அதைத்தான் நான் துணிவு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. ஹாஜியார் பத்திரிகையை விரித்து, விரலால் தேடி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த வரி."

மகன் இல்லாத தகப்பன் பற்றிய வரி. விரலை அதன் மேலேயே வைத்திருந்தார். இந்த இடத்தில் கெட்டிக்காரப் பத்திரிகையாளர் வரியை விளக்கியிருப்பார், நியாயப்படுத்தியிருப்பார். என் விடுப்பு என்னை வேறு பக்கம் இழுத்தது.

"ஹாஜியாருக்கு எத்தனை பிள்ளைகள்?"

"மூணு." தேநீரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "மூணும் பொம்புளப் புள்ளைகள். மூத்தவதான் இந்தப் பேப்பர வச்ச. ஒண்டும் செல்லல்ல. சாப்பாட்டு மேசைல வச்சிட்டுப் போயிட்டா."

கைபேசிக்காரர் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை எங்கள் பத்திரிகைதான் அந்த மனிதரின் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை வீட்டில் விட்டுவிட்டு, பதில் சொல்லக்கூடிய ஆளைத் தேடி எங்களிடம் வந்திருந்தார்.

ஆனாலும் அவர் வந்த காரியத்தை மறக்கவில்லை. "எழுதினது யாரெண்டு எங்களுக்குத் தெரியும். நீங்க ஓமெண்டு மட்டும் செல்லுங்க."

"ஓம் எண்டும் சொல்லமாட்டன், இல்லை எண்டும் சொல்லமாட்டன். நாளைக்கு வேற ஆரையும் கேட்டு வந்தாலும் இதுதான் பதில்."

இதை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். அந்த இடத்தில் இல்லை என்று ஒரு பொய் சொல்லி ஸரீனாவைக் காப்பாற்றலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இன்று ஒருத்திக்கு இல்லை என்று சொன்னால், நாளைக்கு இன்னொருத்திக்காக வாயை மூடும்போது அது ஓம் ஆகிவிடும். வாயைத் திறக்காமல் இருப்பதென்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறக்காமல் இருக்கவேண்டும்.

"பதில் எழுதித் தாங்கோ," என்றேன். "ஒரு வரி வெட்டாமல் போடுறன். உங்கட பெயரோடை."

"நான் கடக்காரன் மிஸ்." எழும்பினார். "முதல்ல அந்த லாச்சில ஈக்கிறதப் போடுங்க. அதுக்குப் பொறகு நான் எழுதுறேன்."

அவர்கள் போன பிறகு ஆசிரியர் வந்து, இது பேரம் பேசுவது போல் இருக்கிறதே என்றார். இருந்தது உண்மைதான். அந்தக் கோயில் கட்டுரை எட்டு மாதங்களுக்கு முன்பே அச்சில் வந்திருக்கவேண்டியது, யாரும் வந்து கேட்டிருக்கக்கூடாது. கேட்ட பிறகாவது போடாமல் இருந்தால் நான் யார் என்ற கேள்விதான் எனக்கு மிஞ்சியது. அன்று பின்னேரம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணவரிடம் கொடுத்தேன்.

வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீர் போடப்போறீர்?"

"ஓம்."

"எங்கட கோயிலை நாங்களே நாறடிக்கிறதோ? நான் எந்த முகத்தோடை சபைக்குப் போறது?"

"பொய்யாய் ஏதும் எழுதியிருக்கே? எந்த வரி?"

மறுபடி கண்ணாடியைப் போட்டுத் தேடினார். பின் கேற்றடியில் பார்சல் கொடுக்கும் சபை உறுப்பினரைப் பற்றிய வரியில் நின்றார். பெயர் இல்லை. ஆனால் கடந்த திருவிழாவில் அந்தப் பார்சல்களைக் கொடுத்தவர் அவர்தான். எனக்கு அது தெரியாது. முப்பத்தைந்து வருடங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவர் பின் கேற்றடியில் நின்றது எனக்குத் தெரியாது.

"நான் குடுக்காட்டி அதுகள் பட்டினியாய்ப் போகுங்கள்," என்றார். அதன்பிறகு மூன்று கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை.

கட்டுரை அச்சில் வந்தது. இந்த முறை எழுதியவரிடம் பெயரும் ஊரும் போடலாமா என்று இரண்டு தரம் கேட்டேன், மூன்றாம் தரம் எழுத்தில் வாங்கினேன். சபைச் செயலாளர் போன் எடுத்து, சைவத்துக்குள் இருந்துகொண்டே சைவத்தைக் குத்துகிறீர்கள் என்று கத்தினார். எந்த வரி என்று கேட்டேன். "நான் வாசிக்கேல்லை, வாசிச்சால் எனக்குப் பிரஷர் ஏறும்" என்றார். முந்திய வாரம் ஸரீனாவின் கட்டுரைக்கு "துணிவான முயற்சி" என்று எழுதியவர்களில் இரண்டு பேர் இந்த வாரம், சமய விடயங்களில் பத்திரிகை நிதானம் காக்கவேண்டும் என்று எழுதினார்கள். இந்தக் கடிதங்களைப் போட்டேன், பெயரோடும் ஊரோடும்.

ஹாஜியார் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வியாழக்கிழமை பதில் வந்தது, கடையின் கடிதத் தாளில் கையால் எழுதியது. வழக்கத்துக்கு ஆதரவாகத் தனக்குத் தெரிந்த எல்லா நியாயங்களையும் எழுதியிருந்தார், மரியாதையாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி எழுதிக் குறுக்காகக் கோடு போட்டு வெட்டியிருந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்க முடிந்தது. "நான் மௌத்தானால் என் மக்கள் எங்கே நிற்பார்கள் என்று எனக்கும் தெரியவில்லை." அதை ஏன் போடவில்லை என்று பின்னால் ஒரு தோழி என்னைக் கேட்டாள். அவர் வெட்டியது அவருடைய உரிமை. பேச விடுவதோடு, பேசாமல் விட விரும்பியதை விட்டுவைப்பதும் நமது வேலை. அவருடைய ஒரு சொல்லையும் வெட்டாமல், வெட்டியதைச் சேர்க்காமல் போட்டேன்.

பொலிஸ் முறைப்பாடு வரவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இரண்டு பேர் முறைப்பாடு கொடுக்கத் துடித்ததாகவும், ஹாஜியார் கையெழுத்து வைக்க மறுத்ததாகவும் கேள்விப்பட்டேன். அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள். நேர்மையாகக் கையாண்டீர்கள், உங்கள் வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்தீர்கள் என்றார்கள். அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

அந்தப் பாடசாலைத் தவணை முடிந்ததும் ஸரீனாவைப் பார்க்கக் கிராண்ட்பாஸுக்குப் போனேன். பஸ்ஸால் இறங்கி வழி கேட்டபோது கடைக்காரர், "பேப்பருக்கு எழுதின டீச்சர் வீடா?" என்று கேட்டுக் கையை நீட்டினார். சின்ன வீடு, முன்னறையில் வெள்ளைப் பலகையும் மடக்குக் கதிரைகளும். பாடசாலையில் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தத் தொடங்கியதால் தவணையோடு நின்றுகொள்ளும்படி ஹாஜியார்தான் வந்து சொன்னாராம். மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம். இப்போது ஸரீனா வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார். ஹாஜியாரின் மூத்த மகள் தன் பிள்ளையை இங்கேதான் அனுப்புகிறாள். நிறுத்தியவரே சில நாட்களில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவதாக ஸரீனா சொன்னார். இந்த மனிதரை எப்படி விளங்கிக்கொள்வது என்று நான் கேட்டேன். "எனக்கும் வெளங்கல்ல மிஸ்" என்றார்.

பிளேன்டீ தந்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், கேட்டேன். பிறகு எங்கள் கோயில் கட்டுரையைப் பற்றி, என் கணவர் மூன்று கிழமை பேசாமல் இருந்ததைப் பற்றிச் சொன்னேன். நானும் ஏதோ கொடுத்தேன் என்று காட்ட விரும்பினேன்போலும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கட மாப்பிள இப்ப பேசுறாரா மிஸ்?"

"ஓம், இப்ப கதைக்கிறார்."

"நல்லம்," என்றார். "எனக்கு வேல போயிட்டு."

குத்திக் காட்டும் குரல் இல்லை. கணக்கை நேராக்கி வைப்பது போல அமைதியாகச் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் என் புத்தி எனக்குத் தெரியும், கேட்காமல் வந்தால் வாழ்நாள் முழுக்க அரித்துக்கொண்டிருக்கும். கேட்டேன்.

"எழுதினதை நினைச்சு வருத்தப்படுறீங்களோ?"

வெள்ளைப் பலகையில் காலையில் எழுதியிருந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டே யோசித்தார். அவசரப்படவில்லை.

"எழுதினதுக்கு இல்ல மிஸ்," என்றார். "உங்களுக்கு அனுப்பினதுக்கு."